ஆசீரின் பங்கு

இன்னும் ஆள் சேரவில்லை. ஒரு குப்பியில் பத்துப் பேருக்கான கொரோனா தடுப்பு மருந்து இருக்கிறது, திறந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மீந்ததை மறுநாளைக்கு வைக்க முடியாது, பத்துப் பேர் வந்த பிறகுதான் திறப்போம், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு ரூபி சிஸ்டர் மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். பொறுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை, என் கண்ணாடிக்கடைக்கு விடுமுறை. பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை மூக்குக் கண்ணாடி மாற்ற யாரும் வருவதில்லை. ஆனால் பொறுத்திருக்கும்போது யோசிக்க வேண்டியிருக்கிறது. வந்தவுடன் சட்டைக் கையைச் சுருட்டச் சொல்லிக் குத்தி அனுப்பியிருந்தால் இந்நேரம் அது முடிந்த காரியம். இப்போது வாசல் கதவு திறந்தே இருக்கிறது, எழுந்து போய்விடலாம், ஏன் என்று யாரும் கேட்கப் போவதில்லை. நோயையே எல்லோரும் மறந்துவிட்டார்கள். போன வருடம் இதே பள்ளிக்கூடத்தில் ஊசிக்கான வரிசை தெரு முனை வரைக்கும் நின்றது, வெயிலில் ஒருவர் மயங்கி விழுந்தார், டோக்கனுக்குக் கைகலப்பு நடந்தது. இன்று பெஞ்சுகள் காலியாகக் கிடக்கின்றன. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு, என் முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிட்டது. இப்படி மடங்கி உட்கார்ந்தால் இதயத்துக்கு ஆகாது என்று ஒரு எண்ணம் வந்தது, உடனே காலை நீட்டினேன். எதிர்ச் சுவரில் மனித உடலின் படம் தொங்குகிறது. தோலை உரித்து உள்ளே இருப்பதை எல்லாம் வண்ணத்தில் காட்டியிருக்கிறார்கள். நுரையீரல் ரோஸ், கல்லீரல் அரக்கு, சிறுநீரகம் இரண்டும் அவரை விதை மாதிரி. எந்தப் பிள்ளையோ காம்பஸ் முனையால் படத்தின் கண்களைக் குத்தி எடுத்திருக்கிறது. ஓட்டைகளின் வழியே பின்னாலிருக்கும் சுவர் தெரிகிறது. சுவர் பார்க்கிற மாதிரி இருக்கிறது. நான் பார்வையைக் கீழே இறக்கிச் சிறுநீரகத்தைப் பார்த்தேன். இரண்டு. மலருக்கு மூன்று இருக்கின்றன.

மாற்றும்போது பழையவற்றை எடுப்பதில்லை, அவை உள்ளேயே சுருங்கிக் கிடக்கும், புதியதை அடிவயிற்றில் முன்பக்கமாகப் பொருத்துவோம் என்று டாக்டர் காகிதத்தில் வரைந்து காட்டினார். வலது பக்கம், கை வைத்தால் கெட்டியாகத் தெரியும். அது அவள் தம்பியுடையது. என் மனைவி ஞானமலர், அவள் தம்பி ஆசீர் ஜெபசிங். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்கள் வீட்டு மாடியறையில் இருந்தவன். "ரெண்ட வச்சிக்கிட்டு நான் என்ன செய்யப் போறேன் அத்தான், ஒண்ண அக்காவுக்குக் குடுத்துட்டா ஆளுக்கு ஒண்ணு, சண்டை இல்ல" என்றான், பண்டம் பங்கு போடுகிற மாதிரி. கொடுத்தான். பிறகு இரண்டாம் அலையில் போய்விட்டான். அவனிடம் மிச்சமிருந்தது அவனோடு மண்ணுக்குப் போயிற்று, அவளிடம் இருப்பது வேலை செய்துகொண்டிருக்கிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் அவள் தூங்கும்போது கதவுக்கு வெளியே நின்று அவள் வயிறு ஏறி இறங்குவதைப் பார்ப்பேன், அந்த இடத்தில் மட்டும் ஆசீர் உயிரோடு இருக்கிறான் என்று தோன்றும். இருட்டுக்குள் ஒரு அவரை விதை, உப்பையும் நீரையும் பிரித்துக்கொண்டு, தான் இறந்துவிட்டது தனக்குத் தெரியாமல். அவள் உடம்புக்கு அது அந்நியம். அந்நியம் என்று தெரிந்தால் விரட்டிவிடும். தெரியாமல் இருக்கத்தான் காலையும் மாலையும் மாத்திரை. வீட்டுக் காவல்காரனுக்கு மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறோம். அவன் படுத்திருக்கும்போது வேறு எது வேண்டுமானாலும் உள்ளே வரலாம். இப்படிப்பட்ட உடம்பில் தடுப்பூசியும் சரியாகப் பிடிக்காது, அவர்களுக்கு எத்தனை போட்டாலும் பாதி பலன்தான், சுற்றி இருப்பவர்கள் போட்டுக்கொண்டால்தான் பாதுகாப்பு என்றார் டாக்டர். சுற்றி இருப்பவர்கள் என்றால் நான் ஒருவன்தான்.

நான் யார்? ஊரில் உள்ள முகத்தில் எல்லாம் முகத்தைக் கொண்டுபோய் வைக்கிறவன். கண்ணாடிக்கடைக்காரன் தள்ளி நின்று வேலை செய்ய முடியாது. ஃபிரேமை மூக்கில் உட்கார வைக்க வேண்டும், காதுக்குப் பின்னால் வளைவு சரியா என்று பார்க்க வேண்டும், பார்வைக்கோட்டுக்கு நேராக லென்ஸில் புள்ளி வைக்க வேண்டும். ஒரு சாண் தூரத்தில் அவர்களுடைய மூச்சு என் கன்னத்தில் படும். முகக்கவசம் போட்டால் கண்ணாடியில் ஆவி படிகிறது அண்ணாச்சி என்று வந்தவுடன் அதைத்தான் முதலில் கழற்றுகிறார்கள். இரண்டரை வருடமாக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் புள்ளி வைக்கிறேன். வீட்டுக்குப் போனால் கொல்லைப்புறம் வழியாகப் போய்க் குளித்துவிட்டு, துணியைச் சோப்பு வாளியில் முக்கிவிட்டு, அவள் அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிறேன். அவள் கோவிலுக்குப் போவதில்லை, கல்யாணத்துக்குப் போவதில்லை, ஆராதனையைப் போனில் கேட்கிறாள், போதகரின் மனைவி ஐயரம்மா வந்து ஜெபித்தால்கூட ஜன்னலுக்கு வெளியே நின்றுதான். இவ்வளவு செய்துவிட்டு மூன்றாவது ஊசிக்கு மட்டும் ஏன் தயங்குகிறாய் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் இருக்கிறது. இரண்டாவது ஊசி போட்ட நாலைந்து நாளில் நெஞ்சுக்குள் ஒன்று துடிக்க ஆரம்பித்தது. வலி இல்லை. பல்லியின் அறுந்த வால் தரையில் துடிக்குமே, அந்த மாதிரி. உடம்போடு சம்பந்தம் இல்லாமல் தனியாகத் துடித்துவிட்டு, நின்று, நான் மறந்த பிறகு மறுபடி. ஈசிஜி எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். மாதக் கடைசியில் தானாக நின்றுவிட்டது. அது ஊசியால்தான் வந்ததா, ஆசீர் போன பிறகு தூங்காமல் கிடந்ததால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. லட்சத்தில் ஓரிருவருக்கு ஏதாவது வரலாம் என்று பேப்பரில் போடுகிறார்கள். அதே பேப்பரில் நோய் வந்து இறந்தவர்களின் எண்ணிக்கையும் போட்டார்கள், அது லட்சத்தில் ஓரிருவர் இல்லை. இரண்டையும் வைத்துப் பார்த்தால் எது கனம் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரிகிறது. ஆனால் அந்த வால் துடித்தது லட்சம் பேரின் நெஞ்சில் இல்லை, என் சட்டைப்பைக்குப் பின்னால். எனக்கு ஒன்று ஆகிவிட்டால் காலையில் யார் அந்த மாத்திரையை எடுத்துக் கொடுப்பது, மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்கு யார் கூட்டிப்போவது. போடாமல் இருந்து நோயை நானே வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டால்? இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை நின்றுவிடும், திரும்ப முதலிலிருந்து தொடங்கும். நாய் படுப்பதற்கு முன் சுற்றுமே, அப்படி மாதக்கணக்காகச் சுற்றுகிறேன். இன்னும் படுக்கவில்லை.

"சிஸ்டர், பந்திக்கு உக்கார வச்ச மாரி வச்சிருக்கிய, எலையும் காணும் சோத்தையும் காணும்" என்றாள் முன் பெஞ்சிலிருந்து இசக்கியம்மாள். சந்தையில் கீரை விற்கிறவள், என்னிடம்தான் வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டாள். "இன்னும் ஒரே ஒருத்தரு வரட்டும்க்கா, தெறந்துருவோம்." "ரோட்டுல போறவன் எவனையாவது இழுத்துட்டு வரட்டுமா?" "ரோட்டுக்கு எதுக்குப் போறிய, ஒங்களுக்குப் பின்னால ஒருத்தரு சும்மாதான இருக்காரு, அவர இழுங்க." பின்னால் இருந்தவர் ஆட்டோக்காரர் சுடலைமுத்து. மனைவி பேச்சியை ஊசிக்குக் கூட்டிவந்தவர், தனக்கு வேண்டாம் என்று வந்தவுடனேயே சொல்லிவிட்டார். "எனக்கு எதுக்கு தாயி? அது போன வருசமே வந்துட்டு. உள்ள வந்து சுத்திப் பாத்துச்சு, இந்த வீட்டுல ஒண்ணும் தேறாதுன்னு வந்த வழியே போயிட்டு." "ஒங்க வாயிக்குப் பயந்து போயிருக்கும்" என்றாள் பேச்சி. எல்லோரும் சிரித்தார்கள். முகக்கவசத்துக்குள் சிரித்தால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிவதில்லை. வாய் இல்லாத சிரிப்பு, அறைக்குப் பொதுவாக எழுந்து அடங்கிற்று. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஒன்பது பேர் இருக்கிறோம், நான் எழுந்து போனால் எட்டு. இசக்கியம்மாள் காலையிலிருந்து கீரைக்கட்டைத் தண்ணீர் தெளித்து மூடிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். நான் போகலாம், போனால் அவள் இன்னும் ஒரு ஆளுக்காகக் காத்திருக்க வேண்டும். என் நெஞ்சைப் பற்றி நான் தனியாக யோசித்துக்கொண்டிருந்தேன், இப்போது இதற்குள் கீரைக்கட்டும் வந்துவிட்டது.

அப்போதுதான் ஜன்னலோரம் இருந்தவரைக் கவனித்தேன். முதலிலேயே இருந்தாரா, பிறகு வந்தாரா தெரியவில்லை. வெள்ளைச் சட்டை, பச்சைத் துணியில் முகக்கவசம், கண்கள் மட்டும் வெளியே. இடது இமை கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அந்தக் கண்ணின் வெள்ளையில், மூக்குப் பக்கமாக, மிளகில் பாதி அளவுக்குப் பழுப்பாக ஒரு புள்ளி. எனக்குப் பெயர் மறக்கும், முகம் மறக்கும், கண் மறக்காது. ஆசீருக்கு முதல் கண்ணாடி போட்டபோது நான்தான் அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்துச் சொன்னேன், இது ஒன்றும் செய்யாது, மச்சம் மாதிரிதான் என்று. அதே கண், அதே இமை, அதே பக்கம். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூர்ந்தும் இல்லை, வெறித்தும் இல்லை, வீட்டில் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவன் பார்க்கிற மாதிரி. ஊரில் ஒரே மாதிரி கண் நாலு பேருக்கு இருக்கும், இது எனக்குத் தெரியும். ஆனாலும் கழுத்தின் பின்னால் ஈரமாயிற்று. ஆசீரின் முகத்தை யாரும் கடைசியாகப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்குள் நடந்து போனான், வாசலில் திரும்பி "அக்காட்ட ஒண்ணும் சொல்லாதிய அத்தான்" என்றான், அதற்குப் பிறகு போனில் மூச்சுச் சத்தம்தான் கேட்டது, அதற்கும் பிறகு ஒரு பெண்குரல் கூப்பிட்டுத் தகவல் சொன்னது. கல்லறைத் தோட்டத்தில் எங்களைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்புப் போட்ட நாலு பேர் கட்டிய பையை இறக்கினார்கள். பையின் மேல் சீட்டு ஒட்டியிருந்தது, அதில் பெயர் இருந்தது. நான் சீட்டைத்தான் அடக்கம் பண்ணினேன். திறந்து காட்டு என்று கேட்டிருக்க முடியாது, அன்று நாலைந்து வண்டிகள் வரிசையில் நின்றன, எல்லாப் பைகளும் ஒரே நிறம். மலர் இன்றும் அவனைப் பற்றிப் பேசும்போது போயிட்டான் என்பாள், செத்துட்டான் என்று சொன்னதில்லை. ஊசிக்குப் பதியும்போது அவனிடம் பட்டன் போன் இருந்ததால் என் எண்ணிலேயே அவனையும் சேர்த்திருந்தேன். அவன் முதல் ஊசி போட்டுக்கொண்டான், இரண்டாவதற்கு நாள் வருவதற்குள் போய்விட்டான். அதனால் என் போனுக்குச் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. ஆசீர் ஜெபசிங், உங்கள் இரண்டாம் தவணைக்கான நாள் கடந்துவிட்டது. அழிக்கப் போனேன், மலர் கதவுக்கு உள்ளேயிருந்து தடுத்தாள். "இருக்கட்டும். அவனையும் ஒருத்தரு தேடுதாருல்லா."

யாரோ என்னிடம் ஏதோ கேட்டார்கள். அங்கன்வாடி டீச்சர் ஆவுடையம்மாள் கையில் போனோடு எனக்குப் பக்கத்தில் நின்றார், முகாமில் பெயர் பதிகிற வேலை அவருக்கு. "அண்ணாச்சி, ஒங்க நம்பர அடிச்சா ரெண்டு பேரு வருது. அருமைநாயகம் நீங்க. ஆசீர் ஜெபசிங்னு இன்னொருத்தரு காட்டுது, ரெண்டாவது ஊசியே போடலயே. அவியளும் வந்திருக்காவளா?" நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இமை ஒருமுறை தாழ்ந்து உயர்ந்தது. "ஆமா" என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. வந்திருக்கிறானா என்று கேட்டார்கள், கண் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது, வாய் கண் சொன்னதைச் சொல்லிவிட்டது. டீச்சர் போனில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். "சிஸ்டர், பத்து ஆயிட்டு!" இசக்கியம்மாள் "அப்பாடி, எலை போட்டாச்சு" என்றாள். ரூபி சிஸ்டர் நீலப்பெட்டியைத் திறந்தார், ஐஸின் ஆவி கொஞ்சம் எழுந்தது, சுண்டுவிரல் அளவில் ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், மூடியின் தகரத்தை நகத்தால் நெம்பி எடுத்தார். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்தச் சத்தத்தில்தான் நான் சொன்னது எனக்குக் கேட்டது. எழுந்து சொல்ல வேண்டும், இல்லை, தப்பு, ஒன்பதுதான் என்று. ஒவ்வொருவராகப் போய் கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். தகரம் திரும்பவும் ஒட்டாது. ஜன்னலோரம் இருந்தவர் எழுந்தார், பெயர் சொன்னார், ஏதோ ஒரு பெயர், காதில் விழவில்லை, கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டார். திரும்பி வந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகக்கவசத்தை மோவாய்க்கு இறக்கினார். தடித்த மீசை. அகலமான வாய், வெற்றிலைக் கறை. முன்பல் ஒன்று இல்லை. வேறொருவர் முகத்தின் கீழ்ப்பாதி. அவன் இல்லை என்பதில் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த வாய் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது, மேலே ஆசீரின் கண்கள் அந்த வாய் குடிப்பதைப் பற்றித் தெரியாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"ஆசீர் ஜெபசிங்" என்று சிஸ்டர் கூப்பிட்டார். யாரும் எழவில்லை. "ஆசீர் ஜெபசிங் யாரு? வாங்க." பள்ளிக்கூடத்து வகுப்பறை, உயரமான கூரை, பெயர் மேலே போய்த் திரும்பி வந்தது. இந்த அறையில் எத்தனை வருடமாக எத்தனை பெயர் கூப்பிட்டிருப்பார்கள், உள்ளேன் என்று எத்தனை குரல். ஒன்றரை வருடமாக அவன் பெயரை யாரும் இவ்வளவு உரக்கச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது என்னவென்றால், நான் இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் யாராவது பதில் சொல்லிவிடுவார்கள். அதனால் எழுந்தேன். "அவன் இல்ல சிஸ்டர்." "வெளிய நிக்காவளா? கூப்பிடுங்க, தெறந்தாச்சுல்லா." "இறந்துட்டான். போன வருசம். என் மச்சினன்." சிஸ்டரின் கையில் மருந்து ஏற்றிய ஊசி அப்படியே நின்றது. ஆவுடையம்மாள் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "வந்திருக்காவளான்னு கேட்டேன், ஆமான்னு சொன்னியளே அண்ணாச்சி." "சொன்னேன். வேற நெனப்புல சொல்லிட்டேன்." பிறகு இசக்கியம்மாள், "ஆள் பத்தலன்னதும் மேல போன ஆளையும் கூட்டிட்டு வந்துட்டாரு, நல்ல மனுசன்" என்றாள், குரலில் கேலி பாதிதான் இருந்தது. ஆவுடையம்மாள் பதிந்ததை அழிக்க முயன்றார், "பொறவு பாப்போம்" என்று சிஸ்டர் சொன்னார், அவர் கவலை குப்பியைப் பற்றி. "ரெண்டு பேருக்கு மருந்து இருக்கு. அண்ணாச்சி ஒண்ணு. இன்னொண்ண கொட்ட முடியாது." எல்லோரும் சுடலைமுத்துவைப் பார்த்தார்கள்.

"என்ன பாக்கிய? செத்தவன் ஊசிய எனக்குக் குத்தப் பாக்கியளா?" என்று அவர் ஒரு பெஞ்சு பின்னால் போனார். "குப்பிக்குள்ள பேரு எழுதியா இருக்கு?" என்றார் சிஸ்டர். "எழுதல. கூப்பிட்டாச்சுல்லா. பேரு சொல்லிக் கூப்பிட்டு எடுத்து வச்சாச்சு. படையல்ல எடுத்து வச்ச மாரி. அது அவருக்கு உள்ளது." பேச்சி தலையில் அடித்துக்கொண்டாள். "சுடலைன்னு பேர வச்சிக்கிட்டு செத்தவனுக்குப் பயப்படுதாரு பாருங்க." "நான் பயப்படல. அடுத்தவன் பங்கு வேண்டாம்னுதான் சொல்லுதேன். அண்ணாச்சி ஊசிய எனக்குப் போடுங்க, போட்டுக்கிடுதேன். மச்சினன் ஊசிய மச்சான் போடட்டும், அதுதான மொறை?" அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா, பெஞ்சிலிருந்து தப்பிக்கச் சொன்னாரா தெரியாது. அறையில் யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அது முறை மாதிரிதான் தெரிந்தது. மாதக்கணக்காக நான் அலசியதில் இல்லாத ஒரு நியாயம் அதில் இருந்தது. என் ஊசி என்றால் என் நெஞ்சு, வால், லட்சத்தில் ஓரிருவர். ஆசீரின் ஊசி என்றால் அவன் நாள் வருவதற்குள் போய்விட்டான், மீந்த பங்கை வீட்டில் உள்ளவர்கள்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அவன் பங்கில் ஒன்றை மலர் எடுத்துக்கொண்டாள், ஒன்றை நான். சிஸ்டர் என் அருகே வந்து குரலைத் தணித்தார். "முன்ன போட்டப்ப ஏதும் பண்ணிச்சா?" "ரெண்டாவதுக்குப் பொறவு நெஞ்சு படபடப்பு. டாக்டர்ட்ட காமிச்சேன். எல்லா டெஸ்டும் எடுத்தாரு, ஒண்ணுமில்ல, மூணாவது போடலாம்னாரு. பயமா இருந்தா யோசிச்சுப் போடுங்கன்னும் சொன்னாரு." "யோசிச்சியளா?" "யோசிச்சிட்டேதான் இருக்கேன்." அவர் என் கண்ணைப் பார்த்தார். "நான் போடுங்கன்னு கட்டாயப்படுத்த மாட்டேன் அண்ணாச்சி. போட்டா அரை மணி நேரம் எங்கண்ணு முன்னால இருக்கணும், ஏதும் பண்ணுனா ஒடனே சொல்லணும், அவ்வளவுதான்." நான் சட்டைக் கையைச் சுருட்டினேன். "அவன் ஊசியவே எனக்குப் போடுங்க" என்றேன். அவர் கையில் ஏற்றி வைத்திருந்ததைத்தான் போட்டார். வலிக்கவில்லை. குளிர்ச்சியாக ஒன்று தோளுக்குள் போயிற்று. அடுத்து சுடலைமுத்து கண்ணை இறுக மூடிக்கொண்டு போட்டுக்கொண்டார், பேச்சி அவர் காதைப் பிடித்துத் திருப்பி, "பாத்துப் போடுங்க, ஊசி ஒடஞ்சிரும்" என்றாள்.

ஊசி போட்டவர்களை எல்லாம் வகுப்பின் பின்பாதியில் உட்கார வைத்தார்கள். இனி நெஞ்சைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். கேட்க ஆரம்பித்தால் எல்லாமே கேட்கிறது. கழுத்தில் ஒரு துடிப்பு, காதுக்குள் ஒன்று, பெஞ்சில் அழுந்திய தொடையில் ஒன்று. உடம்பு முழுக்கப் பல பேர் கதவைத் தட்டுகிற மாதிரி. வால் துடிக்கிறதா என்று தேடினேன். தேடினால் துடிப்பது போல இருக்கும், விட்டுவிட்டால் இருக்காது. தோளில் போனது இப்போது எங்கே இருக்கும், முழங்கை வரை வந்திருக்குமா, ரத்தம் ஒரு சுற்றுச் சுற்ற ஒரு நிமிடம்தான் என்பார்கள், அப்படியென்றால் இதற்குள் எல்லா இடமும் பார்த்திருக்கும், சுடலைமுத்துவிடம் வந்து பார்த்துவிட்டுப் போனதைப் போல. சுடலைமுத்து இப்போது தாராளமாகப் பேசிக்கொண்டிருந்தார், எங்கே போக வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் அண்ணாச்சி, வண்டி வெளியேதான் நிற்கிறது, உங்களுக்கும் எனக்கும் இனி ஒரே மருந்து, சொந்தமாகிவிட்டோம் என்றார். இசக்கியம்மாள் வெற்றிலை மடித்து, முகக்கவசத்தைத் தூக்கி உள்ளே தள்ளிக்கொண்டாள். ஒரு தவறு நடந்து, அதை நாலு பேரும் சேர்ந்து சரிசெய்த பிறகு வருகிற நெருக்கம் எங்கள் நடுவே வந்திருந்தது. ஊசிக்குக் கிளம்பும்போது இருந்த பாரம் குறைந்த மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போனதும் மலரிடம் எல்லாவற்றையும் சொல்லலாம், கண்களைப் பற்றி வேண்டாம், ஊசியைப் பற்றி மட்டும். தம்பி பங்கு என்றால் அவள் கொஞ்சம் அழுவாள், பிறகு சிரிப்பாள்.

போன் அடித்தது. மலர். "போட்டாச்சா?" "ஆச்சு." "நெஞ்சு என்ன பண்ணுது?" "ஒண்ணும் பண்ணல." "நல்லா பாத்துச் சொல்லுங்க." "ஒண்ணும் பண்ணலட்டி." கொஞ்ச நேரம் அவள் மூச்சு மட்டும் கேட்டது. "அப்பச் சொல்லுதேன். வையக் கூடாது. நேத்து சாயங்காலத்துலேருந்து எனக்குக் காய்ச்ச அடிக்கு. தொண்டை முழுங்க முடியல." போனை மறு காதுக்கு மாற்றினேன். "கேக்கியளா?" "காலைல கேட்டேன்லா? தெர்மாமீட்டர் வச்சியான்னு கேட்டேன்லா?" "கேட்டிய. சொன்னா என்ன செஞ்சிருப்பிய? ஊசிய விட்டுட்டு என்னத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பிய. பொறவு எந்தக் காலத்துலயும் போட்டிருக்க மாட்டிய. இப்ப போட்டாச்சு. ஒங்களுக்காவது இருக்கட்டும்." "நான் வாரேன்." "அரை மணி நேரம் இருந்துட்டு வாங்க. நான் எங்கயும் போயிர மாட்டேன்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நான்கு சுவர், ஒரு ஜன்னல், ஒரு கதவு, கதவுக்கு வெளியே நான். இவ்வளவு நாள் வாசலில் நின்று வருகிறவர்களை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன், அது எனக்குப் பின்னால் உள்ளே இருந்திருக்கிறது. யார் கொண்டுவந்தது என்று மனம் உடனே தேட ஆரம்பித்தது. வியாழக்கிழமை கடைக்கு வந்த வாத்தியாரம்மா, இருமிய பையன். தேடிக்கொண்டு போய் என்னிடமே வந்து நின்றது. அவளைப் பார்க்க வேறு யார் வந்தார்கள்? எச்சிலை விழுங்கிப் பார்த்தேன். தொண்டையில் ஏதோ இருந்தது. மறுபடி விழுங்கினேன், இல்லை. மறுபடி.

எழுந்துவிட்டேன். "அண்ணாச்சி, இன்னும் நேரம் ஆகல, உக்காருங்க" என்று சிஸ்டர் வேகமாக வந்தார். "நெஞ்சு ஏதும் பண்ணுதா?" "எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர். வீட்டுல அவளுக்குக் காய்ச்சல். நேத்துலேருந்து. தொண்டை வலியும் இருக்கு. கிட்னி மாத்துன ஒடம்பு." சாதாரணமாகத்தான் சொன்னேன், ஆனால் வகுப்பறை, எல்லோருக்கும் கேட்டுவிட்டது. இசக்கியம்மாளின் வாய் மெல்லுவதை நிறுத்திற்று. மோவாய்க்கு இறக்கியிருந்தவர்கள் எல்லாம் முகக்கவசத்தை மேலே ஏற்றினார்கள், ஒருவரும் ஒருவருக்கும் சொல்லாமல், ஒரே நேரத்தில். "சுடலை, வண்டிய எடுங்க, அவள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்" என்றேன். சுடலைமுத்து பேச்சியைப் பார்த்தார். பேச்சி தரையைப் பார்த்தாள். அவர் கையில் சுழற்றிக்கொண்டிருந்த சாவி நின்றது. "108க்கு அடிங்க அண்ணாச்சி, அவிய சட்டுனு வருவாவ" என்றார், தாழ்ந்த குரலில், ஊசிக்குப் பயந்தபோதுகூட இப்படிப் பேசவில்லை. சிஸ்டர் ஏற்கெனவே போனைக் காதில் வைத்து எங்கள் தெருப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார், இன்னொரு கையால் வாசலைக் காட்டினார், போங்கள், போய் வீட்டம்மாவோடு இருங்கள் என்று. நான் நடந்தேன். பெஞ்சுகள் தரையில் கிறீச்சிட்டு இரண்டு பக்கமும் ஒதுங்கின. யாரும் ஒரு வார்த்தை தவறாகச் சொல்லவில்லை. துணிக்கு மேலே கண்கள் மட்டும் என்னோடு திரும்பிக்கொண்டு வந்தன, எல்லாம் நான் அளந்து கண்ணாடி போட்ட கண்கள், என்னை அளந்துகொண்டிருந்தன, எவ்வளவு நேரம் பக்கத்தில் இருந்தேன், எந்தப் பக்கம் திரும்பிப் பேசினேன், சிரித்தேனா. இரண்டரை வருடமாக ஊரை நான் பார்த்த பார்வை இதுதான், வெளியிலிருந்து பார்த்தால் இப்படி இருக்கிறது. வாசல் வரைக்கும் யாரும் குறுக்கே இல்லை. நாலு பேர் சேர்ந்து நடக்கிற அளவுக்கு வழி விட்டிருந்தார்கள்.